நோய்க்கு யார் சாட்சி? தொழிலிடமும் வைத்தியச் சான்றிதழும்: ஒரு மீளாய்வு

காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஒருவர் வேலைக்குத் திரும்பும்போது, தமக்குச் சுகமில்லாமல் இருந்தது என்பதற்கு யார் சாட்சி சொல்ல வேண்டும்? அவருடைய சொல் போதுமா, வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமா? கைத்தொழில் நாடுகளில் நோய்க் காப்புறுதி தொடங்கிய 1880களிலிருந்து இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. அரசாங்கங்கள், முதலாளிமார், தொழிற்சங்கங்கள், வைத்தியர் சங்கங்கள் என ஒவ்வொரு தரப்பும் விடை தந்திருக்கிறது. அந்த விடைகளை வரிசைப்படுத்தி, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு மாவடிப்பள்ளி பொருத்தமான களம். இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில், காரைதீவு பிரதேச செயலகப் பிரிவில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. அரசாங்க ஆசிரியர், கல்முனைக் கடையில் நிற்பவர், அரிசி ஆலைக் கூலியாள், வயல் செய்பவர், வளைகுடா நாட்டில் உழைப்பவர் எல்லோரும் இந்தக் கரையோரத்தில் ஒரே குடும்பத்துக்குள் இருக்கக்கூடும். காய்ச்சல் அவர்கள் எல்லோருக்கும் ஒன்றுபோல வரும். அதை நிரூபிக்கும் விதியும், நிரூபித்த பின் கிடைக்கும் பலனும் ஆளுக்கு ஆள் வேறு.

ஒரு காய்ச்சல், ஐந்து விதிகள்

அரச ஊழியருக்கு இவ்விடயத்தில் வேதம் தாபன விதிக்கோவை. ஆண்டுக்கு 21 நாள் அமைய விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும், ஆக 45 நாள் உண்டு. பள்ளிக்கூட விடுமுறைக் காலங்களைப் பெறும் ஆசிரியர்களுக்கு 41 நாள். நோய் நீண்டால் சேமித்த விடுமுறை, அரைச் சம்பளம், சம்பளமற்ற விடுமுறை என்று படிப்படியாக இறங்க வேண்டும். அரச வைத்தியர் வழங்கும் சான்றிதழுக்கு 'சுகாதாரம் 170' என்ற படிவம் இருக்கிறது. நாட்கணக்கு மிக நீண்டால் விடயம் வைத்திய சபைக்குப் போகும்.

கடை ஊழியரின் நிலை வேறு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் தருகிறது. நோய்க்கென்று தனி விடுமுறையை அந்தச் சட்டம் வகுக்கவில்லை. சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும் அந்த ஏழு நாளையே பங்கிட வேண்டும். முதலாம் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான். டெங்கு ஒருமுறை வந்தாலே ஆண்டுக் கணக்கு தீர்ந்துவிடும்.

அரிசி ஆலையிலும் கட்டட வேலையிலும் நாட்கூலிக்கு நிற்பவருக்கு, வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. சட்டத்தில் ஏதும் உரிமை இருந்தாலும், பெயர் பதியாத வேலையில் அதைக் கேட்டு வாங்குவது எளிதல்ல. வயலிலும் கடலிலும் சொந்தப் பொறுப்பில் உழைப்பவர்களிடம் சான்றிதழ் கேட்கவோ வாங்கிக்கொள்ளவோ ஆளில்லை. 1987இல் வந்த விவசாயிகள் ஓய்வூதியச் சட்டமும் 1990இல் வந்த மீனவர் ஓய்வூதியச் சட்டமும் முதுமை, நிரந்தர அங்கவீனம், மரணம் ஆகியவற்றை நோக்கியவை. ஒரு வாரக் காய்ச்சல் அவற்றின் கண்ணில் படாது.

ஐந்தாமவர் வளைகுடாவில் இருப்பவர். கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி மூன்று மாதச் சேவைக்குப் பின் இரண்டு வாரம் முழுச் சம்பளம், அடுத்த நான்கு வாரம் அரைச் சம்பளம். சவூதியில் ஓராண்டுக்குள் முதல் 30 நாள் முழுச் சம்பளமும் அடுத்த 60 நாள் முக்கால் சம்பளமும் உண்டு. தாளில் பார்த்தால் கல்முனைக் கடை ஊழியருக்கு இல்லாத பாதுகாப்பு இவருக்கு இருக்கிறது. வேலை கொடுப்பவரின் அனுசரணையில் தங்கியிருக்கும் ஒருவர் அதைத் துணிந்து கேட்பாரா என்பது தனிக் கேள்வி.

சான்று வேண்டும் என்பவர்கள்

முதல் நிலைப்பாடு காப்புறுதியோடு பிறந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கினார். பிரித்தானியாவில் லொயிட் ஜோர்ஜ் 1911இல் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பொதுப் பணத்திலிருந்து நோய்க்காலக் கொடுப்பனவு வழங்கத் தொடங்கியதும், யாருக்கு வழங்குவது என்று தீர்மானிக்க நடுநிலையான ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கை வைத்தியருடையதாயிற்று. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்புறுதி (ஈ.எஸ்.ஐ.) சட்டமும் இதே வழியில் வந்தது. ஈ.எஸ்.ஐ. வைத்தியர் சான்று தந்தால், தகுதியுள்ள தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியின் 70 வீதம் கிடைக்கிறது.

இந்த நிலைப்பாட்டின் வலு வெளிப்படையானது. சான்று கேட்காவிட்டால் சிலர் ஏய்ப்பார்கள். அந்தப் பாரத்தைச் சக ஊழியர்கள் சுமப்பார்கள். ஒரே ஆசிரியர் உள்ள பாடத்துக்கு அவர் வராவிட்டால் பிள்ளைகள்தான் இழக்கிறார்கள். ஊழியருக்கும் சான்றிதழ் ஒரு கேடயம். நீண்ட நாள் வராதவரை வேலையைக் கைவிட்டவர் என்று நிறுவனம் முடிவெடுக்கும்போது, அந்தக் கடதாசியே அவர் பக்கம் பேசும். வெறுமனே சமுகமளிக்காதது போதாது, வேலையைக் கைவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பதை இலங்கை மேன்முறையீட்டு நீதிமன்றம் நெல்சன் டி சில்வா வழக்கில் (1996) தெளிவுபடுத்தியது. நோயால் வர முடியவில்லை என்று உரிய நேரத்தில் அனுப்பப்பட்ட சான்றிதழ், அந்த எண்ணம் இருக்கவில்லை என்பதற்கு நல்ல ஆதாரம்.

பலவீனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியிலும் ஈ.எஸ்.ஐ.யிலும் சான்றிதழ் ஒரு கொடுப்பனவின் வாசலாக இருந்தது. இலங்கையின் தனியார் துறையில் பொதுவான நோய்க் காப்புறுதி உருவாகவில்லை. ஊழியர் சேமலாப நிதி முதுமைக்கான சேமிப்பு. ஆகவே கடை ஊழியர் பலர் கொண்டுவரும் துண்டு எந்த நிதியின் வாசலையும் திறப்பதில்லை. 'நோ பே' போடாமல் இருக்கவும் ஏச்சு வாங்காமல் இருக்கவும் மட்டும் உதவுகிறது. காவல் வந்துவிட்டது, காக்கப்பட வேண்டிய பணப்பெட்டி வரவில்லை.

வைத்தியரின் தயக்கம்

இரண்டாவது நிலைப்பாடு வைத்தியர்களுடையது. இலங்கை மருத்துவ சபையின் ஒழுக்கநெறி வழிகாட்டல், தாம் உண்மையென்று நம்பாத எதற்கும் கையெழுத்திடக் கூடாது என்பதை அடிப்படையாகக் கொண்டது. பொய்ச் சான்றிதழ் தருவது தொழில்சார் துர்நடத்தை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலும் பொய்ச் சான்றிதழ் ஒரு குற்றமாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் வைத்தியரால் உண்மையில் எதை அறிய முடியும்?

கல்முனையில் கடையில் வேலைசெய்யும் ஒருவருக்கு மாரி காலத்துத் திங்கட்கிழமை இரவு காய்ச்சல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறார். வைத்தியர் பரசிட்டமோல் கொடுத்து, காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்கிறார். மெடிக்கல் கேட்டால் இரண்டு நாளோ மூன்று நாளோ எழுதுவார். அன்றைய நிலையில் அதற்கு மேல் எழுத அவரிடம் ஆதாரம் இல்லை. இது டெங்குவாக இருந்தால், காய்ச்சல் இறங்கும் கட்டம்தான் ஆபத்தான கட்டம். குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்து, குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பாயம் கசியக்கூடிய நாட்கள் அவை. காய்ச்சல் விட்டுவிட்டது, துண்டின் நாளும் முடிந்துவிட்டது என்று அவர் கடைக்குப் போய் நிற்பது அப்போதுதான். வாட்டில் அனுமதிக்கப்பட்டவருக்கு, வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் வலுவான ஆதாரமாக நிற்கும். வீட்டிலிருந்து சமாளித்தவருக்கு முதல் நாள் கணிப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

தலையிடி, முதுகு வலி, வயிற்றோட்டம், மன உளைச்சல் ஆகியவற்றில் நிலைமை இன்னும் இக்கட்டானது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் வைத்தியர் எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட சான்றிதழ், ஊழியரின் சொல்லே வைத்தியரின் முத்திரையோடு திரும்பி வருவதாகும். சுகமான பின் வந்து கடந்த வாரத்துக்கு மெடிக்கல் கேட்பவரிடம் வைத்தியர் பரிசோதிக்கக் கூடியது ஏதும் இருப்பதில்லை. மறுத்தால் ஊழியர் சம்பளத்தை இழப்பார். எழுதினால் வைத்தியர் தாம் காணாததற்குச் சாட்சியாவார்.

சிறிய ஊர்களில் இந்தச் சங்கடம் கூடுதல். வைத்தியர், அதிபர், கடை முதலாளி, நோயாளி எல்லோரும் ஒரே பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு நிற்பவர்களாக இருக்கலாம். மறுக்கும் வைத்தியர் ஒரு குடும்பத்தையே பகைத்துக்கொள்வதாக உணரக்கூடும். இரகசியமும் இங்கே மெல்லியது. நோயின் பெயர் எழுதிய துண்டு அலுவலகத்தில் இரண்டு மேசை கடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். காசநோய்க்கும் மனநோய்க்கும் மருந்து எடுப்பவர்கள் இதனாலேயே சான்றிதழைத் தவிர்த்து, சொந்த விடுமுறையைக் கரைத்துக்கொள்ள நேரலாம்.

யாரை வைத்தியராக ஏற்பது என்பதும் இதற்குள் வருகிறது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மேலைத்தேய வைத்தியர்களையும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியர்களையும் பதிவுசெய்கின்றன. கை முறிந்தால் முறிவு வைத்தியரிடம் போகும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியரின் சான்றிதழுக்கு அரச சேவையில் இடமுண்டு. பதிவில்லாத பரம்பரை வைத்தியரிடம் பத்துப் போட்டவர், உண்மையிலேயே கை தூக்க முடியாதவராக இருந்தாலும், கடதாசிக்காக இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியவராகிறார்.

தன் சொல்லே சான்று

மூன்றாவது நிலைப்பாடு, குறுகிய நோய்க்கு ஊழியரின் சொந்த அறிவிப்பே போதும் என்பது. பிரித்தானியாவில் 1982 முதல் ஏழு நாள் வரையான நோய்க்கு ஊழியரே படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். சுவீடனில் எட்டாம் நாளிலிருந்துதான் வைத்தியச் சான்று தேவை. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் 2023 ஜூலையிலிருந்து, ஐந்து வேலைநாளுக்கு மேற்படாத நோய்க்குச் சான்று கேட்பதைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. ஒன்ராறியோ 2024 ஒக்டோபரில், சட்டம் தரும் மூன்று நாள் நோய் விடுமுறைக்கு வைத்தியச் சான்று கேட்பதைத் தடைசெய்தது. தடிமனுக்கும் வயிற்றோட்டத்துக்கும் துண்டு எழுதுவதில் வைத்தியரின் நேரம் வீணாகிறது என்பது அங்கு முக்கிய வாதமாக இருந்தது.

இந்தக் கரையோர முஸ்லிம் மக்களுக்குத் தன் சொல் சான்றாவது புதிய கருத்தன்று. ரமழான் நோன்பில் நோயாளிக்குச் சலுகை உண்டு என்பது குர்ஆனிலேயே உள்ளது. அந்தச் சலுகைக்கும், தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தயம்மும் செய்வதற்கும் எதை ஆதாரமாகக் கொள்வது என்று ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள். நோயாளியின் சொந்த அனுபவமும் நம்பிக்கையான வைத்தியரின் சொல்லும் அந்த விவாதத்தில் பேசப்படும் ஆதாரங்கள். இறைவனுக்கு முன் மனச்சாட்சியே முதல் சாட்சி என்ற எண்ணம் அங்கே ஆழமாக இருக்கிறது. ஆயினும் இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. நோன்பை விட்டவர் பின்னர் அதை நோற்றுக் கழாச் செய்கிறார். அவருடைய சலுகையால் இன்னொருவருக்கு நட்டமில்லை. தொழிலிடத்தில் கூலி கொடுக்கும் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சேர வேண்டியதும் ஒரு ஹக்குதான்.

நம்பினால் ஏய்ப்பு கூடுமா? இதற்குத் தெளிவான சோதனை ஒன்று சுவீடனில் நடந்தது. 1988இன் இரண்டாம் அரையாண்டில், கொதன்பர்க் நகரிலும் யெம்ட்லாண்ட் மாகாணத்திலும், இரட்டை எண் திகதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் சான்றின்றி வராமல் இருக்கக்கூடிய காலம் ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளாக நீட்டப்பட்டது. பின்னர் பொருளியலாளர்கள் அந்தத் தரவை ஆராய்ந்தபோது, சலுகை பெற்றவர்களின் விடுமுறை சராசரியாகச் சற்றே நீண்டிருந்தது. ஆண்களிடம் அந்த நீட்சி கூடுதலாக இருந்தது. கண்காணிப்புக்கு ஓரளவு விளைவு உண்டு என்பதை இது காட்டுகிறது. அந்தக் கூடுதல் நாட்களில் எத்தனை ஏய்ப்பு, எத்தனை தேவையான ஓய்வு என்பதை இச்சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. நோய்க்கால வருமானம் உறுதியான ஒரு நாட்டின் முடிவை, அத்தகைய உறுதி இல்லாத நாட்டுக்கு அப்படியே பொருத்துவதும் பிழையாகும்.

வேலைத் தகுதியும் மின்னணுச் சான்றும்

நான்காவது நிலைப்பாடு கேள்வியையே மாற்றுகிறது. நோய் இருந்ததா என்று கேட்பதை விட்டு, எந்த வேலையைச் செய்ய முடியும் என்று கேட்கச் சொல்கிறது. பேராசிரியர் கரோல் பிளாக்கின் 2008 அறிக்கையைத் தொடர்ந்து, பிரித்தானியா 2010 ஏப்ரலில் நோய்ச் சான்றுக்குப் பதிலாகத் தகுதிச் சான்றை அறிமுகப்படுத்தியது. பாரம் தூக்க முடியாது, கணக்கு எழுதலாம்; முழுநாள் முடியாது, அரைநாள் வரலாம் என்றெல்லாம் வைத்தியர் அதில் குறிக்கலாம். எண்ணம் நல்லது. நடைமுறையில் 90 வீதத்துக்கு மேற்பட்ட துண்டுகள், வேலைக்குத் தகுதியில்லை என்று மட்டுமே சொல்கின்றன. பத்து நிமிடத்தில் நோயாளியைப் பார்க்கும் வைத்தியருக்கு அவருடைய வேலையிடம் தெரியாது. மூட்டை தூக்குவதைத் தவிர வேறு வேலையில்லாத ஆலையில், மாற்று வேலை என்ற யோசனைக்கே இடமில்லை.

ஐந்தாவது, தொழில்நுட்பத்தை நம்பும் நிலைப்பாடு. ஜெர்மனியில் 2023 முதல், பொதுக் காப்புறுதியில் உள்ளவர்களின் சான்றை முதலாளி மின்னணு வழியில் காப்புறுதி நிறுவனத்திடமிருந்தே பெற்றுக்கொள்கிறார்; நோயின் பெயர் அவருக்குப் போவதில்லை. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து, ஏற்கெனவே அறிமுகமான நோயாளிக்கு இலேசான வருத்தமென்றால் தொலைபேசியிலேயே சான்று வழங்கும் முறை நிரந்தரமாயிற்று. சவூதியில் நோய் விடுமுறை அறிக்கை 'சிஹத்தீ' செயலியில் வருகிறது. போலி முத்திரையையும் களவாக அச்சிட்ட படிவத்தையும் இது கட்டுப்படுத்தக்கூடும். இரகசியத்தையும் ஓரளவு காக்கும். சான்று உண்மையான வைத்தியரிடமிருந்து வந்தது என்பதை மட்டுமே கணினி உறுதிசெய்யும். நோய் உண்மையா என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கும்.

துண்டுக்கு வெளியே நிற்பவர்கள்

இந்த ஐந்து நிலைப்பாடுகளும், முதலாளி ஒருவர் இருக்கிறார் என்ற ஊகத்தின் மேல் நிற்கின்றன. மாவடிப்பள்ளியைச் சூழ்ந்த வயல்களில் அந்த ஊகம் உடைகிறது. பெரும்போக விதைப்புக் காலத்தில் சேற்றில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் தொழில்சார் நோய். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் வழியாகத் தடுப்பு மாத்திரை தரப்படுவது அதனால்தான். நோய் வந்து கிடந்துவிட்டால், நீர் பாய்ச்சவும் களை பிடுங்கவும் கூலியாள் பிடிக்க வேண்டும். வருமானம் நின்று செலவு கூடும் அந்த நாட்களுக்கு எந்தப் படிவமும் இல்லை.

சான்று எடுக்கப் போகும் செலவும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆட்டோக் கூலியும் தனியார் வைத்தியரின் கட்டணமும் நாட்கூலியில் ஒரு பெரும் பங்கை விழுங்கும். செலவோடு வழியின் ஆபத்தும் சேரும். 2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு உயிர்கள் பறிபோயின. டெங்குவும் எலிக்காய்ச்சலும் கூடும் காலமும், அந்த வீதியில் வெள்ளம் பாயும் காலமும் ஒன்றே. நோயாளி இரண்டொரு நாளுக்குள் துண்டோடு வர வேண்டும் என்று அலுவலக விதி சொல்லும்போது, அந்தத் துண்டுக்காக அவர் எந்த வழியால் போய்வர வேண்டும் என்பதையும் விதி செய்பவர் நினைக்கக் கடமைப்பட்டவர்.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால், ஒரு துண்டின் மீது மூன்று வேலைகள் ஏற்றப்பட்டிருப்பது தெரிகிறது. நோயை நிரூபிப்பது ஒன்று, எத்தனை நாள் ஓய்வு தேவை என்று சொல்வது இன்னொன்று, அந்த நாட்களின் சம்பளத்தை யார் இழப்பது என்று தீர்மானிப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் வைத்தியரின் துறைக்குள் நன்றாகப் பொருந்துகிறது. முதலாவதில் அவருடைய அறிவு அரைகுறை. மூன்றாவது சமூகம் தீர்க்க வேண்டிய கணக்கு. நோயின் நட்டத்தை யார் தாங்குவது என்ற அந்தக் கணக்கை நேரே பேசாமல் வைத்தியரின் மேசைக்குத் தள்ளிவிட்டதால்தான் பொய்ச் சான்றும், சங்கடமும், சந்தேகமும் பெருகுகின்றன என்று கருத இடமிருக்கிறது.

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். இரண்டு மூன்று நாள் நோய்க்கு வைத்தியச் சான்று கேட்பதால் கிடைக்கும் உண்மை சிறிது, செலவு பெரிது. அதற்கு ஆண்டில் இத்தனை முறை என்ற வரம்போடு ஊழியரின் எழுத்து அறிவிப்பை ஏற்பது, கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாங்கக்கூடிய ஏற்பாடாகத் தெரிகிறது. நீண்ட நோய்க்கு வைத்தியச் சான்று தொடர்ந்தும் தேவை. அதில் நோயின் பெயரை மேசை மேசையாகக் காட்டாமல், ஓய்வு நாட்களை மட்டும் குறிப்பது நியாயம். கடை, அலுவலக ஊழியருக்கு நோய்க்கென்று தனி விடுமுறை வகுப்பது 1954இலிருந்து நிலுவையில் நிற்கும் கடன்.

தீராதவையும் உண்டு. நாட்கூலியாளரும் வயல் செய்பவரும் கடலுக்குப் போகிறவரும் பங்களிக்கக்கூடிய நோய்க்காலக் காப்புறுதியை யார் நடத்துவது, அதற்கு யார் சாட்சி சொல்வது என்பதற்கு நம்மிடம் விடையில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில் நோயுற்ற வளைகுடாத் தொழிலாளியின் சான்றிதழை அங்குள்ள நிறுவனம் எந்த அளவுக்கு மதிக்க வேண்டும் என்பதற்கும் இரு நாட்டு உடன்பாடு தேவை. நம்பிக்கையை விரித்தால் இந்த மண்ணில் ஏய்ப்பு கூடுமா என்பதை, வேறு நாட்டு எண்களை வைத்துத் தீர்ப்பிட முடியாது. ஒரு கல்வி வலயத்திலோ ஒரு பிரதேச சபையிலோ ஓராண்டு செய்து பார்த்தால்தான் தெரியும். அதுவரை, சான்று கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும், அந்தக் கடதாசி தனக்கு எதைச் சொல்கிறது, அதற்காக நோயாளி எவ்வளவு கொடுக்கிறார் என்ற இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.